மேற்கு மூலைக் கேமரா

வீட்டில் படம் பார்ப்பதற்கென்று கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சத்தத்தைப் பற்றிக் கேளுங்கள் என்பேன் நான். டிவிக்குக் கீழே உட்காரப் போகிற பெட்டி அது. திரையில் யாராவது மெதுவாக அழும்போது பெட்டிக்குள் ஃபேன் இரைந்தால் என்ன பிரயோஜனம்? அதனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், பிராசசருக்குள்ளேயே நல்ல கிராஃபிக்ஸ் இருக்கிற சிப்பாகப் பார்த்து எடுங்கள் என்று சொல்வேன். பதினொரு வருடமாகக் காந்திபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். இந்த யோசனையைக் கேட்டு யாரும் கெட்டுப்போனதில்லை.

நீங்கள் தொண்டாமுத்தூர் விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள், சார். அதற்கும் இங்கிருந்துதான் வர வேண்டும்.

நஞ்சுண்டன் ஐயாவின் தோட்டம் தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. தென்னை, வாழை, நடுவில் வீடு. யானை இறங்கும் இடம் என்பதால் தோட்டத்தின் நான்கு மூலையிலும் கேமரா வைத்திருந்தார். ஹாலில் பெரிய டிவி. அதில் படம் ஓட வேண்டும், திரையின் வலது ஓரத்தில் நான்கு சின்னக் கட்டங்களில் கேமராவும் ஓட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரர், எழுந்து எழுந்து போய் வேறொரு திரையைப் பார்க்க முடியாது. நியாயமான தேவை. எந்த பிராசசர் வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து போன் செய்தார்.

"ஏனுங் தம்பி, மாப்பிள்ளை வேறொண்ணு சொல்லிப்போட்டாருங்க. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையிலயே இருக்கறவரு. அவரே வாங்கியும் அனுப்பிச்சுட்டாரு. நீங்க வந்து மாட்டி மட்டும் குடுத்துருங்க."

மாப்பிள்ளை என்பவர் மதன்குமார். அவர் அனுப்பிய சிப்பில் கிராஃபிக்ஸே கிடையாது, அது இல்லாமல் திரையில் எதுவும் வராது. மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பார்த்தாலே தெரியும். சொன்னேன். மாட்டச் சொன்னார்கள், மாட்டினேன். டிவி கறுப்பாக இருந்தது. மதன்குமார் போனில், "சிப்பு உட்கார்ற இடத்துல பின் எதையாவது வளைச்சுட்டீங்களா பாருங்க" என்றார். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வளைத்துவிட்டேன் என்று முடிவுசெய்துவிட்ட பார்வை அது.

அடுத்து மதன்குமாரின் ஆபீசில் கழித்துக்கட்டிய பழைய பிராசசர் ஒன்று வந்தது. அதில் கிராஃபிக்ஸ் இருந்தது, ஆனால் பழசு. இப்போது வருகிற படங்களைச் சுருக்கி வைக்கிற முறையே வேறு, சார். அதை விரித்துக் காட்டுவதற்கு சிப்புக்குள் தனி வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் பிராசசரே மூச்சுமுட்டி அந்த வேலையைச் செய்யும். ஒரு படமும் நான்கு கேமராவும் சேர்ந்து ஓடினால் நூறு சதவீதத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. படம் துள்ளியது. ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது.

ஏழு தடவை போனேன். மதன்குமார் போனில் சொல்லச் சொல்ல கேபிளை மாற்றினேன், மெமரியை மாற்றினேன், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். சிப்பை மாற்றுங்கள் என்று ஏழு தடவையும் சொன்னேன். ஐயாவின் மனைவி சுப்பாத்தாள் அம்மா ஒவ்வொரு தடவையும் காபி கொடுப்பார். ஒரு தடவை சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தார்.

ஏழாவது தடவை ஹாலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். படம் துள்ளியது. ஐயா அவர்களிடம் என்னைக் காட்டி, "இவருதானுங்க செட் பண்ணுனாரு. கடைக்காரங்க மாட்டறதோட செரிங்க. படிச்சவங்க சொல்றது அவங்களுக்கு எங்கீங்க ஏறுது?" என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதைக்குக் குறைவிருக்காது. அவமானப்படுத்துவதும் 'ங்க' போட்டுத்தான்.

அன்று நான் கோபப்படவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். எதைக் குறைத்தால் இந்தச் சிப் தாங்கும் என்று மட்டும்தான் யோசித்தேன். படம் துள்ளினால் எனக்கு போன் வரும். கேமரா நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கேமராவின் பழைய பதிவுகளிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் சில அசையாத படங்களை எடுத்தேன். பகலுக்குச் சில, இருட்டுக்குச் சில, விடிகிற நேரத்துக்குச் சில. கேமராவுக்குப் பதில் அந்தக் கட்டங்களில் நேரத்துக்குத் தகுந்தபடி அவை தானாக மாறிக்கொள்ளும். மேலே கடிகாரம் மட்டும் உண்மையாக ஓடும்படி வைத்தேன். கேமராவின் இணைப்பை எடுத்துவிட்டேன். அசைவு தெரிந்தால் அடிக்கிற மணியும் அதோடு போயிற்று. ஒன்றரை மணி நேர வேலை. சுத்தமாகச் செய்திருந்தேன்.

பிறகு படத்தைப் போட்டேன். ஒரு துள்ளல் இல்லை. ஃபேன் சத்தமே கேட்கவில்லை.

"இப்பத்தான் படமாட்ட இருக்குது" என்றார் ஐயா. "மாப்பிள்ளை சொன்னபடி செஞ்சீங்களாக்கும்?"

"ஆமாங்கையா" என்றேன்.

ஒரு வாரத்தில் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். கேமரா நின்றுவிட்டது, இந்தச் சிப் தாங்காது, நான் எழுதிக் கொடுத்ததையே வாங்குங்கள் என்று. அப்புறம், அவர்களே கண்டுபிடித்து என்னிடம் வந்து கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. காத்திருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு சுப்பாத்தாள் அம்மா பால் கறக்கக் கிளம்பியிருக்கிறார். ஐயா ஹாலில் கட்டிலில் படுத்தபடியே டிவியைப் போட்டு, நான்கு கட்டங்களையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போ" என்று சொல்லியிருக்கிறார். தினமும் அப்படித்தானாம். மேற்கு மூலையில், மாட்டுச் சாளைக்கும் வாழைக்கும் நடுவில் யானை நின்றிருக்கிறது. பால் சொம்பு நசுங்கிக் கிடந்ததாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஐயாவே எனக்கு போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"எனக்குக் கண்ணு போயிருச்சாட்ட இருக்குதுங் தம்பி. அத்தாம் பெரிய உருவம் அந்தக் கட்டத்துல தெரியாமயா இருந்திருக்கும்? நாந்தான் செரியாப் பாக்காம போன்னு சொல்லிப்போட்டேன். பெட்டியக் கொஞ்சம் வந்து பாருங்க. கட்டம் இன்னும் பெருசாத் தெரியோணும்."

போனேன். நான் எழுதிக் கொடுத்த அதே பிராசசரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். கேமரா நான்கையும் இணைத்தேன், கட்டங்களைப் பெரிதாக்கினேன். கூடவே ஒரு படத்தையும் ஓட்டிப் பார்த்தேன். துக்க வீடு என்பதால் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். பிராசசரின் பளு முப்பத்து நான்கு சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஐயா வெகுநேரம் மேற்கு மூலைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நாந்தான் கேக்கல" என்றார்.

நான் ஐந்து மாதம் காத்திருந்த வார்த்தை அது. "பரவாயில்லைங்கையா" என்றேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

கழற்றிய டிஸ்கை அங்கேயே விட்டு வந்தது என் தப்பு. மதன்குமார் அதை எடுத்துப் பார்த்துவிட்டார். நான் அடுக்கி வைத்திருந்த படங்கள் அப்படியே இருந்தன. அவருக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

யானை வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் சுப்பாத்தாள் அம்மாவின் போனிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது, நான்கு நிமிடம் பேசியிருக்கிறேன் என்கிறீர்கள். ஆமாம், பேசினேன்.

"கிஷன் கண்ணு, நாந்தான் தொண்டாமுத்தூர்ல இருந்து பேசறேன்" என்று ஆரம்பித்தார். "பாரஸ்ட்காரங்க ஜீப்புல வந்து, ஒத்த யானை இந்தப் பக்கந்தான் சுத்துதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. அதான் டிவியப் போட்டுப் பாத்தேன். மேக்கால கேமராவுல அந்தச் சாஞ்ச வாழை நிக்குது. அத முந்தாநாளே வெட்டிப்போட்டமே கண்ணு?"

அப்போது கடையில் கூட்டம் இல்லை. யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. உண்மையைச் சொன்னால் நான் ஏமாற்றியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், சிப்பைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள் என்று தோன்றியது.

"அது ஒண்ணுமில்லைங்கம்மா. பழைய படம் சில சமயம் கொஞ்ச நேரம் தங்கி நிக்கும். தானா செரியாயிரும். நீங்க தாராளமா அதைப் பாத்துட்டே வெளிய போலாங்க" என்றேன்.

"செரி கண்ணு. நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அந்த வீட்டில் என் பேச்சைக் கேட்டு நடந்தவர் அவர் ஒருவர்தான், சார்.