இம்பிளேக்கபிள் அபுதாஹிர்

மொதல்ல தப்புப் பண்ணது கரீம் பாட்சாதான் சாமி. அத மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தக் கேளுங்க. நீங்க இங்கிலீஷ் பேப்பர் படிக்கியளேன்னுதான் பக்கத்துல வந்து உக்காந்தேன். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் வேணும், அம்புட்டுத்தான். ஆனா வார்த்தைய மட்டும் சொன்னா நீங்க அவம் பக்கம் சாஞ்சிருவிய. எல்லாரும் அப்பிடித்தான் சாயுதாங்க. அந்தச் சன்னல இழுத்து விடுங்க, மழை உள்ள அடிக்கி. நீங்க எங்க, டிராம்பேயா? அணு ஆபீசா? நான் செம்பூர்லயே எறங்கிருவேன், பயப்படாதிய.

எம்பேரு அபுதாஹிர். தாராவியில தோல் பெல்ட்டு தைக்கிற பட்டறை. கரீம் பாட்சாவுக்கும் அதே தொழில்தான். ஒரே ஊருக்காரன், மேலப்பாளையம். ஒரே ரயில்லதான் பம்பாய்க்கு வந்தோம். ஒரே சுவரு, அந்தப் பக்கம் அவம் பட்டறை, இந்தப் பக்கம் எம்பட்டறை. அவம் தும்முனா எனக்குக் கேக்கும்.

சைனாக்காரன் சண்டைக்கு வந்தாம்லா, அந்த வருசத்து நோம்புப் பெருநாளு. தொழுகை முடிஞ்சு எல்லாரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்காங்க. நான் புதுச் சட்டையப் போட்டு, அத்தரப் பூசிக்கிட்டு, நேரா அவங்கிட்டப் போயி அஸ்ஸலாமு அலைக்கும் பாட்சான்னேன். அவம் எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கான். சரி, கேக்கல போலன்னு மறுக்கா சத்தமாச் சொன்னேன். தெருவே திரும்பிப் பாத்துச்சு. அவம் என்ன செஞ்சான் தெரியுமா? செருப்பத் தேடுத மாதிரி குனிஞ்சிட்டான்.

சிரிக்கியளே சாமி! எங்க மார்க்கத்துல ஸலாம் சொல்லுதது நம்ம இஷ்டம். ஆனா ஒருத்தன் சொல்லிட்டா, பதில் சொல்லுதது எதிராளி மேல கடமை. வ அலைக்கும் ஸலாம். ஒரு மூச்சுதான். அத அவம் எனக்குத் தரல. அன்னைலருந்து பாக்கி.

எத்தன பேரு பேசிப் பாத்தாங்க! ஜமாஅத்துல கூப்புட்டு வச்சுக் கேட்டாங்க. காதுல விழலைங்கான். அவம் தும்மலு சுவத்தத் தாண்டி எனக்குக் கேக்கு, எம்ஸலாம் எதுத்தாப்புல நின்னு சொல்லியும் அவனுக்குக் கேக்கலையாம். சரி, அப்பம் கேக்கல, இப்பமாச்சும் பதிலச் சொல்லுலேன்னா, அதுக்கும் ஒரு ஞாயம் வச்சிருக்கான் படுபாவி. இப்பம் பதில் சொன்னா, அப்பம் கேட்டுக்கிட்டேதான் சும்மா இருந்தான்னு ஆயிருமாம்! வக்கீலுக்குப் படிக்க வேண்டியவன், பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கிட்டு இருக்கான்.

என்ன கேக்கிய? அவம் எனக்கு ஸலாம் சொல்லலையான்னா? சொன்னான், சொன்னான். மறுநாளே சொன்னான். தெனமும் பட்டறை தொறக்கையில சொல்லுவான். நானும் பதில் சொல்லிருவேன், வாய்க்குள்ளயே. எனக்குக் கடமை தெரியும்லா. ஆனா அது அவம் சொன்ன ஸலாமுக்கு. எம்ஸலாமு தனியால்லா நிக்கி?

பொம்பளைக கதை வேற. எம்பொண்டாட்டி மெஹராஜும் அவம் பொண்டாட்டி பேகமும் ஒரு கொழாயடி, ஒரு அம்மி. நோம்புக் கஞ்சி அங்கருந்து இங்க வரும், பிரியாணி இங்கருந்து அங்க போகும். நான் சாப்பிடுவேன். கஞ்சி மேல எனக்கு என்ன கோவம்? உப்புக் கம்மின்னு சுவத்தப் பாத்துச் சொல்லுவேன். நாக்குலதான் கோளாறுன்னு அந்தப் பக்கமிருந்து சுவத்துகிட்டயே பதில் வரும். பாத்தியளா, அதுக்கெல்லாம் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியுது!

இதுக்கு நடுவுலதான் ஜம்பு வந்தாரு. நீங்க ஏறுன மாட்டுங்காதான் அவருக்கும். பட்டறைக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல லெட்டர் அடிச்சுக் குடுப்பாரு. நல்ல மனுசன், சண்டைன்னாலே ஆகாது. ஒரு நா எங்க ரெண்டு பேரையும் சந்துல நிறுத்தி வச்சு சமாதானம் பேசுனாரு. பாகிஸ்தான்காரனும் நாமளும் சண்டைய முடிச்சு ரஷ்யாவுல போயி கை குலுக்கியாச்சு பாய், நீங்க இந்தச் சுவத்தத் தாண்டக் கூடாதான்னாரு. அவங்க குலுக்கட்டும் சாமி, அவங்களுக்குள்ள ஸலாம் பாக்கி இருக்கான்னு கேட்டேன். மனுசன் நெத்தியில அடிச்சுக்கிட்டு, அபுதாஹிர் பாய், யூ ஆர் இம்பிளேக்கபிள்னுட்டுப் போயிட்டாரு.

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. பம்பாயில பிளேக்குன்னா சும்மாவா? சால் சாலா, வரிசை வீட்டோட அள்ளிக்கிட்டுப் போன நோயி. என்னையப் பாத்து பிளேக்குங்காரே! அன்னைலருந்து ஜம்பு கூடவும் பேச்சு இல்ல. ஆனா பாருங்க, வார்த்தை நாக்குல ஒட்டிக்கிடுச்சு. ஊசி எறங்காத எருமைத் தோலு வந்தா, இது இம்பிளேக்கபிள் தோலுடேம்பேன். மழையில துருப்பிடிச்சு தொறக்காட்டா இம்பிளேக்கபிள் பூட்டு. இந்தா நிக்காம்லா கண்டக்டரு, ஆகே சலோ, முன்னால போ முன்னால போன்னு முதுகுல இடிக்கான், இவம் இம்பிளேக்கபிள் கண்டக்டரு. மெஹராஜும் கத்துக்கிட்டா. கோவம் வந்தா என்னைய அதச் சொல்லித்தான் ஏசுதா.

அதான் கேக்கேன், என்ன அர்த்தம்? இன்னொரு மட்டம் சொல்லுங்க. இம்... ப்ளாக்கபிளா? பிளேக்கு இல்லையா? நெசமாவா? எலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா? சரி, சரி. என்ன சமாதானம் சொன்னாலும் எறங்கி வராத ஆளு. எம்புட்டுக் கெஞ்சுனாலும் பகைய விடாதவன். அட! இதையா அந்த மனுசன் திட்டுன்னு நெனச்சுச் சொன்னாரு? பட்டம்லா இது! இன்னைக்கே ஜம்பு வீட்டுக்குப் போயி பேசிருதேன் சாமி. அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. கரீம் பாட்சாவ மட்டும் விட மாட்டேன்.

இப்பம் எங்க போறேனா? அவங்கிட்டதான். செம்பூர்ல அவம் மக மர்யம் வீடு. தெனமும் காலைல போயிட்டு வந்துதான் பட்டறையத் தொறக்கேன்.

பக்கவாதம் சாமி. கோடையில விழுந்தான். வலது கை காலு வரல, பேச்சும் நின்னு போச்சு. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. சொல்லி அனுப்பினாங்கன்னு போனேன். கட்டிலச் சுத்தி எல்லாரும் நிக்காங்க. மர்யம் அழுதுக்கிட்டே, மாமா, வாப்பாவ மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, அவங்க நிம்மதியாப் போவட்டும்னுச்சு. நான் குனிஞ்சு அவங்காதுகிட்டப் போயி, மாட்டேம்லேன்னேன். பாக்கிய வச்சிட்டு எங்கலே கெளம்புதன்னேன். சொல்லிட்டு, அஸ்ஸலாமு அலைக்கும்னேன். அந்தப் பெருநாளுக்குப் பொறவு நானா சொன்ன மொத ஸலாம் அது.

சொந்தக்காரங்க அடிக்கவே வந்துட்டாங்க. ஆனா சாமி, அவம் என்னைய மொறச்சான்! அத்தன நாளா கூரையப் பாத்துக்கிட்டுக் கெடந்த கண்ணு, திரும்பி என்னைய மொறச்சுச்சு. ஒதடு துடிச்சுச்சு. டாக்டரு பாத்துட்டு, இந்தப் பெரியவர நாளைக்கும் வரச் சொல்லுங்கன்னாரு.

அன்னைலருந்து இந்த பஸ்ஸுதான். போவேன், ஸலாம் சொல்லுவேன், நல்லா ஏசுவேன், மர்யம் குடுக்குத சாயாவக் குடிச்சிட்டு வருவேன். போன வெள்ளிக்கிழம, வ-ன்னு ஒரு எழுத்து வந்துச்சு. பேகம் ஓன்னு அழுதுட்டா. பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா ஓடிப்போயி பேடா வாங்கிட்டு வந்து எல்லாரு வாயிலயும் வச்சுச்சு. நான் மட்டும் ஒத்துக்கிடல. ஒத்த எழுத்து ஸலாம் எந்தக் கிதாபுலலே இருக்குன்னேன். இடது கைய ஓங்குனாம் பாருங்க, கெழவனுக்கு என்ன ரோசம்!

ஸ்டாப்பு வந்திருச்சு. கொஞ்சம் காலைச் சுருக்கிக்கிடுங்க, வாரேன். என்ன கேட்டிய? முழுசாப் பதில் சொல்லிட்டா விட்டிருவேனான்னா? அது எப்பிடி சாமி? அது பெருநாள் ஸலாமுக்குச் சரியாப் போகும். இப்பம் தெனமும் ஒண்ணு சொல்லிக்கிட்டு வாரேம்லா, அதுக்கெல்லாம் யாரு பதில் சொல்லுவா?