மொட்டை மாடிச் சாரல்

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். சென்னைக்குக் கிளம்பிய அவன் மடியில் பை; அவள் வழியனுப்ப வந்தவள்.

“அருவிகிட்ட இன்னாத்துக்குய்யா மூக்கைப் பொத்திக்கினு நின்ன?” என்றாள்.

“வேலைப் பழக்கம். அங்க நான் வேலை செய்யிற ஆஸ்பத்திரி மொட்டை மாடில ஏசிக்குத் தண்ணி ஆற வைக்கிற டவர் இருக்குது. அதுலேர்ந்து தெறிக்கிற சாரல்ல கிருமி இருந்தா நெஞ்சுக்குள்ள பூந்து காய்ச்சல் வந்துடும். அதான் மருந்து ஊத்தணும், தண்ணிய டெஸ்டுக்கு அனுப்பணும், மாஸ்க் இல்லாம கிட்ட போவக்கூடாது. ரூல்ஸு.”

“நீ போட்டுக்கிறியா?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சில நாளு கழட்டிடுவேன். கண்ண மூடுனா நம்ம அருவி மாரியே இருக்குது.”

அவள் அவன் மடியிலிருந்த பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“மாஸ்க்கக் கழட்டாத. சாரல் வேணும்னா வூட்டுக்கு வா.”