தொந்தரவில்லாமல் அணைப்பது

மனநிம்மதிக்குப் புதுக்கடை சந்தியில் விலை நூற்றைம்பது ரூபாய். நான் வைத்த விலைதான் சார். கம்ப்யூட்டரை அணைக்கப் போகும்போது, ‘அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்’ என்று திரை மறிக்குமே, அது இனி வராதபடி செய்து கொடுப்பேன். பேரம் பேசினால் நூற்றிருபது.

கடற்கரைக் கோயில் அலுவலகத்தில் செசிலிக்கும் அதே தொல்லை. இணையத்தில் வரும் காற்று, அலை விவரத்தைத் தினமும் மாலையில் ஒலிபெருக்கியில் வாசிப்பது அவள் வேலை. வாசித்துவிட்டுப் பூட்டிப் போக விடாது கம்ப்யூட்டர் பெட்டி. “பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல்ல நிக்கும் அண்ணே, இதுக்கு ஒரு வழி பண்ணித் தாங்க” என்றாள். அப்டேட் என்று பெயர் இருந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன். வானிலை விவரமும் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் பிரின்டர் பார்க்கப் போனபோது தெரிந்தது. அவள் வாசித்து ஆணியில் குத்தியிருந்த தாள்களில் தேதி மட்டும் மாறியிருந்தது. அலை உயரம் வாரம் முழுக்க ஒன்றேதான். கடலுக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். ஆனால் அறையில் நாலைந்து பேர் நின்றார்கள். தன் மீனைத் தானே அழுகல் என்று கூவுகிறவன் சந்தையில் கூடையை இறக்கக் கூடாது. நாளை ஆளில்லாத நேரம் வந்து பார்க்கலாம் என்று எழுந்தேன்.

அப்போதுதான் வள்ளக்காரர் ததேயுஸ் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“ஏலே சுயம்பு, மேக்க மேகம் கறுத்துக் கெடக்கு. ஒனக்க பெட்டி என்ன சொல்லுது?”

“காத்து மந்தம்னு போட்டிருக்கு மாமா” என்றாள் செசிலி.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் கள்ளம் சொல்லுமா அண்ணே?” என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

“அது செரி. நாப்பது வருசம் கடல்ல கெடந்தவனுக்குப் புத்தியில்ல, நேத்து வந்த பெட்டிக்கு இருக்கு!” என்று சிரித்துவிட்டு, கரையில் காத்திருந்த மற்ற வள்ளங்களுக்கும் இறங்கச் சொல்லிக் கை காட்டினார்.

செசிலி வாசித்தாள். பெட்டியை அணைத்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல் அணைந்தது.

பக்கத்து ஊர்களில் எச்சரிக்கை வந்திருந்ததால் அன்று அங்கே ஒருவரும் கடலில் இறங்கவில்லை. எங்கள் கரையிலிருந்து போனவர்கள் பதினான்கு பேர். புயல் ஓய்ந்த பிறகு வந்து சேர்ந்தவர்கள் ஐந்து பேர். மிச்சம் ஒன்பது என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ததேயுஸ் அண்ணன் மேகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார் சார். அவரைக் கழித்துவிடுங்கள். என் கணக்கில் எட்டு.