ஏலத்துக்கு வந்த வெள்ளரிக்காய்

எனக்கு வெள்ளரிக்காய் அவ்வளவாகப் பிடிக்காது சார். வெயில் காலத்தில் பஸ் ஸ்டாண்டில் கீறி மிளகாய்ப்பொடி தடவி விற்பார்களே, ஊரே வாங்கித் தின்னும், நான் நகர்ந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன் வெள்ளரிக்குப் பந்தல் போட்டு, அதையே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அதனாலேயே உங்கள் முன்னால் நிற்கிறேன் என்று நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நாற்காலி வேண்டாம். உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும், உங்களுக்கு எரிச்சல் வரும். நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். கம்பெனியை மூடினார்கள். சும்மா இருக்கிற ஆம்பளையை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். டீக்கடையில் பேப்பர் கேட்டால்கூட காதில் விழாத மாதிரி இருப்பான். அப்போதுதான் எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த இடத்தில் காலனிக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து காய்கறி போடலாம் என்று நான் சொன்னேன். ஊர் கூடிப் போடுகிற விஷமில்லாத தோட்டங்களுக்கு நிதி கொடுக்கிற அறக்கட்டளை ஒன்று சென்னையில் இருப்பதைக் கண்டுபிடித்து எழுதிப் போட்டதும் நான்தான். முதல் தவணை வந்தது. வேலி வந்தது, சொட்டுநீர்க் குழாய் வந்தது, வாசலில் ‘ஒருங்கிணைப்பாளர்: எட்வின்’ என்று பலகை வந்தது. மறுநாள் டீக்கடைக்காரன் பேப்பரை அவனே எடுத்து நீட்டினான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் காசுக்கு ஆசைப்பட்டுச் செய்ததாக எழுதிவிடக் கூடாது.

தோட்டக் குழுவுக்குச் செயலாளர் தேவஇரக்கம் அண்ணாச்சி. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இருதயத்தில் ஏற்கெனவே அடைப்பு எடுத்திருந்தார்கள், ஆனாலும் மண்வெட்டியைக் கீழே வைக்க மாட்டார். தங்கமான மனுஷன். தங்கமான மனுஷர்களோடு சேர்ந்து ஒரு காரியம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவராக ஒரு பழக்கம் கொண்டுவந்தார். தோட்டத்தில் எதைப் பறித்தாலும் கழுவக் கூடாது, வேட்டியில் துடைத்து அப்படியே கடிக்க வேண்டும். “கழுவித் திங்கிறவன் நம்ம தோட்டத்த நம்பாதவம்லே” என்பார். கொஞ்ச நாளில் காலனியே அப்படித்தான் தின்றது. அதில் ஒரு பெருமை அவர்களுக்கு.

அவருக்கும் எனக்கும் நடுவில் வந்தது ஒரே ஒரு போட்டோ. முதல் அறிக்கை அனுப்ப வேண்டிய நேரத்தில் எங்கள் இடத்தில் முள்ளைத் தவிர ஒன்றும் இல்லை, போர்வெல்காரன் இழுத்தடித்துவிட்டான். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், தெரிந்தவருடைய நர்சரியில் எங்கள் பேனரைக் கட்டிப் படம் எடுத்து அனுப்பினேன். எல்லோரும் செய்வதுதான். அறக்கட்டளை அந்தப் படத்தைத் தன் புத்தகத்தில் போட்டு எங்களுக்கே அனுப்பிவைத்தது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அவரைக்கொடிக்குப் பின்னால், ஓரத்தில், ஆண்டாள் கோயில் கோபுரம்.

“ஏலே எட்வின், இந்தக் கோபுரம் எப்பலே நம்ம காலனிக்கு வந்துச்சு?” என்றார்.

நான் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் தொல்லை. “விடு. நாளைக்கு அந்தச் சென்னைக்கார அம்மா எங்கிட்டக் கேட்டா உள்ளதச் சொல்லிருதேன். இப்பம் காய் நெசமா நிக்கிதுல்ல? அது போதும். பொய்ய வச்சிக்கிட்டு எதுக்குலே அலையுத?” என்றார்.

அறக்கட்டளையின் முறை அப்படி சார். முதலில் நேரில் வந்து தோட்டத்தைப் பார்ப்பார்கள். பிறகு செயலாளரிடம் மட்டும் தனியாகப் போனில் பேசுவார்கள். அதன் பிறகுதான் அடுத்த தவணை. நேரில் வருவது வெள்ளிக்கிழமை, போன் திங்கட்கிழமை என்று தகவல் வந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுவேன். பைக்கை எடுத்துக்கொண்டு சேத்தூர் வரை போவேன், காரணமே இல்லாமல் திரும்பி வருவேன். ஜனங்கள் முன்னால் அந்தப் பலகையைக் கழற்றுகிற மாதிரி ஓயாமல் ஒரு நினைப்பு.

அந்த நேரம் பார்த்து வெள்ளரிப் பந்தலில் மாவுப்பூச்சி விழுந்தது. இலையெல்லாம் வெள்ளை. வேப்பெண்ணெய் அடித்தோம், மீன் கரைசல் அடித்தோம், பூச்சி அசையவில்லை. புதன்கிழமை விடியக்காலம், யாரும் வருவதற்கு முன்னால், நான் வேறு மருந்து அடித்தேன். என்னைத் தெரியாத கடையாகப் பார்த்து சேத்தூரில் வாங்கியது. கொஞ்சம் தாராளமாகவே கலந்தேன், நேரம் இல்லை. அடித்த பிறகு இத்தனை நாள் காயைப் பறிக்கக் கூடாது என்று பாட்டிலில் போட்டிருந்தது. படிக்காமல் அடித்தேன் என்று நான் சொல்ல மாட்டேன். கொடிக்குத் தண்ணீர் விடுகிற குருவம்மாள் வந்து மூக்கைச் சுளித்தாள். “என்ன தம்பி, ஒரு மாதிரி வாடையா வருது?” என்று கேட்டாள். புது மீன் கரைசல் என்றேன். சென்னை மேடம் வந்து போகிறவரை ஒரு காயையும் தொடக் கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். என் மேல் குறை சொல்வதற்கு முன் இதையும் கவனிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பந்தல் பச்சைப்பசேல் என்று இருந்தது. மேடத்துக்கு வாயெல்லாம் பல். பேசிக்கொண்டே ஒரு பிஞ்சை ஒடிக்கக் கையைத் தூக்கினார்கள். “இருங்க மேடம். முதல் காய்ப்பு ஆண்டவருக்கு. ஞாயித்துக்கிழம அறுப்பின் பண்டிகை. ஆலயத்துல படைச்ச பொறவுதான் மனுஷங்க வாயில வைக்கணும்” என்றேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. மேடம் கையை எடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் அண்ணாச்சியும் பக்கத்தில் நின்றார். அவர் கண் கலங்கிவிட்டது. “நல்ல வார்த்த சொன்னலே” என்று என் தோளைப் பிடித்து அழுத்தினார். சொன்னது அவருக்காக இல்லை. ஆனால் அவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பண்டிகை எப்படி என்றால், முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், முட்டை எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போனபோது பீடத்துக்கு முன்னால் எங்கள் வெள்ளரி ஒரு கூடை நிறைய இருந்தது. அண்ணாச்சி சொல்லிக் குருவம்மாள் காலையிலேயே பறித்திருக்கிறாள். அவளும் பறிக்கிறபோதே ஒன்றைத் துடைத்துத் தின்றிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் பிழைத்துக்கொண்டதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம், அந்த வாடையைப் பற்றி உங்களிடம் சொன்னவள் அவள்தான் என்றாலும். பிரசங்கம் முழுக்க நான் பெஞ்சில் நெளிந்துகொண்டிருந்தேன். கூடையை நானே ஏலத்தில் எடுத்துவிடுவது, எடுத்து எங்காவது குழி தோண்டிப் புதைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த அளவுக்கு நல்ல எண்ணம் இருந்தது.

ஆலயத்தில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை பொன்னுராஜ் கூடையைத் தூக்கிப் பிடித்தான். “நம்ம தோட்டத்து வெள்ளரி, ஒரு சொட்டு விஷம் கெடையாது, கேளுங்க, கேளுங்க” என்றான். நான் கேட்டேன். இன்னும் ரெண்டு பேர் கேட்டுவிட்டு ஒதுங்கினார்கள். அண்ணாச்சி கேட்டார். நான் ஏற்றினேன். அவர் சிரித்துக்கொண்டே ஏற்றினார். நான் மறுபடி ஏற்றினேன். ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். அப்போது, அண்ணாச்சி என் பக்கம் திரும்பிச் சிரித்த அந்த நேரத்தில், மறுநாள் திங்கட்கிழமை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. பொன்னுராஜ் ஒரு தரம் என்றான். ரெண்டு தரம் என்றான். என்னைப் பார்த்துக் கொஞ்சம் இழுத்தான்கூட. என் சட்டைப் பையில் பணம் இருந்தது. நான் பேசவில்லை. வேறு யார் எடுத்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன் சார், அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

அவர் அங்கேயே ஒன்றை வேட்டியில் துடைத்துக் கடித்தார். பாதியை ஒடித்து என்னிடம் நீட்டி, “இந்தாலே, ஒன் கை வெவசாயம்” என்றார். பல் வலி என்றேன். மீதியை வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் மனைவி அன்னாள் மதினிக்கு வெள்ளரி ஒத்துக்கொள்ளாது. எல்லாம் அவர் ஒருவரே, மத்தியானம் சோற்றோடு.

சாயங்காலம் மதினி போன் பண்ணியபோது முதலில் ஓடியது நான்தான். வேர்த்து, வாயில் நுரை தள்ளி, கால் துவண்டு கிடந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். சின்ன வயது டாக்டர், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். “பூச்சி மருந்து ஏதாவது உள்ள போயிருக்கா? சொன்னாத்தான் சரியான வைத்தியம் பாக்க முடியும்” என்றார்.

“ஐயோ, எங்க தோட்டத்துல அந்தப் பேச்சே கெடையாது டாக்டர். இவியளக் கேளுங்க” என்று மதினி என்னைக் காட்டினார்கள்.

“மருந்தே கிடையாது டாக்டர். பண்டிகைச் சாப்பாடு ஒத்துக்கலை போல” என்றேன். அவர் திரும்பவும் கேட்டார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

திங்கட்கிழமை காலையில் மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் ஒரு பக்கம் மதினி, ஒரு பக்கம் நான். அண்ணாச்சி போன் என் கையில் இருந்தது. விசாரிக்கிறவர்களுக்கு நானே பதில் சொல்லும்படி மதினிதான் கொடுத்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலுக்கு முன்னால், போன் அடித்தது. சென்னை மேடம். “செயலாளர் தேவஇரக்கம் சாரா?” என்று கேட்டார்கள்.

“ஆமா மேடம், தேவஇரக்கம்தான் பேசுறேன்” என்றேன். போட்டோவில் இருப்பது எங்கள் தோட்டம்தான் என்றேன். எட்வின் தம்பி தங்கமான பையன் என்றேன். மருந்து ஏதாவது அடிப்பீர்களா என்று கேட்டார்கள். ஒரு சொட்டு கிடையாது மேடம், நாங்க கழுவாமத்தான் திங்கோம் என்றேன். மதினி என்னையே பார்த்தார்கள். உங்களிடம் முதலில் வந்தது அவர்கள்தானே. மதுரை போய்ச் சேருவதற்குள் அண்ணாச்சி போய்விட்டார்.

மருந்தின் பெயர் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆம்புலன்ஸில் இருந்த நர்ஸிடம் சொல்லியிருந்தாலும் ஒருவேளை போதும். சொல்லவில்லை. அவர் சாக வேண்டும் என்றுதான் சொல்லவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. நான் போனில் அவர் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும் என்று மதினி சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். அது இல்லை சார். கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் காது கேட்டிருக்காது.