காதும் காதும் வைத்தாற்போல்

கனமான ஒலி வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்யும் பிழை, ஒலியை முறுக்கேற்றும் கெயின் என்னும் குமிழை வலப்பக்கம் முழுவதும் திருப்பிவிடுவதே. இரைச்சல் வேறு, கனம் வேறு. கெயினைக் கூட்டக் கூட்ட எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி பருப்பதில்லை, குழைந்துபோகிறது. கம்பிகளைச் சற்றுத் தடித்தவையாக மாற்றி, சுருதியைத் தாழ்த்தி, கம்பிகளுக்கு அடியிலுள்ள பிக்கப்பின் திருகாணியை அரைச் சுற்று இறக்கி, கெயினை மனம் விரும்புவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வைக்கவேண்டும். ஒலிபெருக்கியான ஆம்ப்புக்கு முன்னால், காலால் மிதித்து இயக்கும் ஓர் ஓவர்டிரைவ் பெடலை இணைத்து, அதிலும் கெயினை அறவே குறைத்து, ஒலியளவை மட்டும் உயர்த்தினால், தாழ்ந்த சுரங்கள் இறுகி, நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாற்போன்ற ஒரு திண்மை வரும். இவை நான் புத்தகத்தில் படித்தவை அல்ல, காதால் கற்றவை.

சென்ற வாரம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில், என் தம்பி மருந்து வாங்கச் சென்றிருந்தபோது, தாங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள், டாக்டர். "ஸ்டேஜ்ல அவர் காதுக்குள்ள போட்டுக்கிறதை யாரு செட் பண்ணித் தர்றாங்க?" என்றீர்கள். குழுவில் யாரேனும் செய்வார்கள் என்று விடையளித்தேன். அது பொய். சரியான விடையைச் சொல்லவே இன்று தனியாக வந்திருக்கிறேன். நான் சற்று உரக்கப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் காரணமும் இந்த விடையில்தான் இருக்கிறது.

பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மணம் செய்துகொள்ளவில்லை. தம்பியின் வீட்டு மாடியறையில் வசிக்கிறேன். அவன் எனக்கு மிகவும் இளையவன். நான் இடுப்பில் தூக்கித் திரிந்தவன். பகலில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளனாக இருக்கிறான். மற்ற நேரமெல்லாம் கிட்டார். வீட்டின் கீழே கார் நிறுத்துவதற்கென்று கட்டிய அறையில் கார் என்றுமே நின்றதில்லை. பழைய மெத்தைகளைச் சுவரெங்கும் அறைந்து, அங்கேதான் அவனுடைய குழு பயிற்சி செய்யும். பெடல்களைத் திறந்து ஒன்றிரண்டு உறுப்புகளை மாற்றுவதும், அவற்றின் வரிசையை அமைப்பதும், முடிவில் இதுதான் ஒலி என்று தீர்ப்பளிப்பதும் என் பொறுப்பு. எனக்குப் பாம்புச் செவி என்று தம்பி எல்லோரிடமும் பெருமை பேசுவான். குழுவினர் என்னை வாத்தியார் என்பர்.

தீர்ப்பளிப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. விலையுயர்ந்த பெடல் கண்ணில் பட்டால் அதன் ஒலியே உயர்ந்தது என்று மனம் சொல்லிவிடும். ஆகவே கேட்பவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து அமரவேண்டும். மற்றவர் ஒன்றும் சொல்லாமல் பெடல்களை மாற்றி மாற்றி வாசிக்கவேண்டும். சுவரைப் பார்த்து அமர்ந்தவர் சொல்வதே முடிவு. ஒரு சிறிய பெடலுக்குள் இருக்கும் உறுப்பு ஒன்றை மாற்றினால் என்ன நிகழ்கிறது என்பதைச் சுவரைப் பார்த்தபடியே சொல்லக்கூடியவனாக நான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அப்படி அமர்ந்திருந்தபோது, தம்பி புதிதாக வாங்கிய பெடல் ஒன்றை இணைத்து வாசித்தான். ஒலி தூய்மையாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம் என்றேன். பின்னால் சிரிப்பு. டிரம்ஸ் வாசிப்பவரைப் பருமன் கருதி லாரி என்று அழைப்பார்கள். சிரித்தவர் அவர்தான்.

"வாத்தியாரே, பெடல் பாட்டுக்குக் கீச்சு கீச்சுன்னு கத்துது, தெருநாயெல்லாம் ஓடுது. உங்க பாம்பு என்ன, சட்டையை உரிச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சா?"

"கேபிள் லூசா இருந்துச்சுடா. அண்ணன் சொன்னதுதான் கரெக்ட்" என்று தம்பி உடனே குறுக்கிட்டான்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

மறுநாள் எவரிடமும் சொல்லாமல், நம் பேருந்துகள் போகாத ஒரு பகுதிக்குச் சென்று காதைச் சோதித்துக்கொண்டேன். சுருதி உயர்ந்த ஒலிகள் எனக்குக் கேட்பதில்லை என்றும், வயதின் காரணமாக வருவதுதான் என்றும், கருவி பொருத்திக்கொள்வது நல்லது என்றும் அங்கிருந்தவர் அன்பாகச் சொன்னார். நன்றி கூறி வெளியே வந்தேன். கருவி பொருத்திக்கொள்ளவில்லை. காதில் கருவி மாட்டியவனைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்வார்களா?

பெடல்களில் எந்தக் குமிழ் எங்கே நிற்கவேண்டும் என்பதை நான் பென்சிலால் ஒரு சிறு கோடு கிழித்துக் குறித்துவைப்பது வழக்கம். அடுத்து வந்த ஒரு பயிற்சியின்போது, கோடுகளையெல்லாம் குறித்துவிட்டு மாடிக்குச் சென்றவன், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதால் திரும்பி வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. அப்போதுதான் ஒரு பாட்டு முடிந்திருந்தது. டிரம்ஸ் ஓய்ந்தவுடன் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள். அதனால் எனக்கும் கேட்டது.

"இன்னும் கொறைங்க. பல்லு கூசுது" என்றார் லாரி.

தம்பி குனிந்து என் கோட்டிலிருந்து குமிழைத் திருப்பினான். "போதும். முடிஞ்சதும் ஞாபகமா கோட்டுக்கே கொண்டாந்து வெச்சிடணும். அண்ணன் பாத்தா மனசு ஒடஞ்சிடும்."

"எத்தனை நாளைக்குய்யா இந்த டிராமா?"

"அவரு இருக்கிற வரைக்கும்தான்" என்றான் தம்பி. இரக்கத்தோடுதான் சொன்னான்.

கண்ணாடியை எடுத்துக்கொள்ளாமல் மாடிக்குத் திரும்பினேன். அந்தப் படிகளில் ஏறியபோது உண்டானதைச் சினம் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிதாக இருக்கும். அது வெட்கம். வகுப்பில் பின்வரிசை மாணவர்கள் என் முதுகில் எதையோ ஒட்டிவிட, அதை அறியாமல் நாள் முழுவதும் கம்பீரமாக நடந்தவனைப் போல இருந்தது. ஒட்டியவன் என்னை நேசிப்பவன் என்பதே பொறுக்கமுடியாததாயிற்று.

சில வாரங்கள் கழித்துத் தம்பி இன்-இயர் வாங்கிவந்தான். மேடையில் தன் வாசிப்பைத் தான் கேட்பதற்காகக் காதுக்குள் செருகிக்கொள்ளும் கருவி அது. "அண்ணா, இதை நீங்கதான் பாத்துக்கணும். வேற யாரையும் நம்ப மாட்டேன்" என்றான். எனக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும் என்று நினைத்திருப்பான்.

அந்தக் கருவியில் லிமிட்டர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒலி ஓர் எல்லையைத் தாண்டிக் காதுக்குள் போகாமல் அது தடுக்கும். தாங்கள் அறிவீர்கள். அது இருந்தால் கம்பியை மீட்டும் முதல் அடியின் கூர்மை மழுங்கும். இது உண்மை, எந்தக் கிட்டார்க்காரரும் ஒப்புக்கொள்வார். ஒலியின் பொருட்டு அதை நீக்கினேன் என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். பிறகு, எந்த உயர்ந்த ஒலிகள் எனக்குக் கேட்பதில்லையோ அவற்றை எனக்குக் கேட்கும் அளவுக்கு உயர்த்தினேன். இடுப்பில் மாட்டும் பெட்டியில் அளவைக் குறைக்க ஒரு சிறு சக்கரம் இருந்தது. அதைக் குறைத்தால் அவனுடைய கிட்டார் டிரம்ஸில் மூழ்கிக் காணாமற்போகுமாறு மற்ற ஒலிகளை அமைத்தேன். ஆகவே அவன் குறைக்கவில்லை. குமிழ்களைப் போல அதை என் முதுகுக்குப் பின்னால் திருப்பவும் இயலவில்லை. ஒவ்வொரு மேடையிலும் நான் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா, ஊசி குத்துற மாதிரி இருக்கு."

"பழகிட்டா தெரியாது" என்றேன்.

நிகழ்ச்சி முடிந்தபின், "காதுக்குள்ள யாரோ விசில் அடிக்கிறாங்க அண்ணா" என்றான்.

"தூங்கி எந்திரிச்சா போயிடும்" என்றேன். போய்விட்டது. அடுத்தடுத்த நிகழ்ச்சிகளுக்குப் பிறகு அது போக நாள்கள் எடுத்துக்கொண்டது. பின்னர் அவன் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

என் கோடுகளை நான் மறந்துவிடவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் குமிழின் விளிம்பில் சிறிது சுண்ணக்கட்டித் தூளைத் தடவி வைப்பேன். பயிற்சி முடிந்ததும் பார்த்தால், அது விரலால் கலைந்திருக்கும். பல மாதங்கள் கலைந்தே இருந்தது. ஒருநாள் கலையாமல் இருந்தது. அதற்கடுத்த முறையும் கலையவில்லை. தம்பி என் கோட்டிலேயே வாசித்திருந்தான், பல் கூசாமல். அன்று சீட்டியடித்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன். அந்தச் சீட்டி எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதை நான் பொருட்படுத்தவில்லை.

லாரி விலகிக்கொண்டார். "முன்னாடி ஒருத்தர்தான். இப்ப அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து என் பல்லைப் புடுங்குறீங்க" என்று சொல்லிவிட்டுத் தம் டிரம்ஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒலி மந்தமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள் என்று அவனே இன்-இயரை என்னிடம் நீட்டத் தொடங்கினான். ஏற்றினேன். கேட்டவன் அவன், கொடுத்தவன் நான் என்பதை நெடுநாள் எனக்குச் சாதகமான வாதமாக வைத்திருந்தேன்.

அவன் மனைவி ஒருநாள் மாடிக்கு வந்து, கதவருகிலேயே நின்றாள். "அத்தான், நான் கூப்பிட்டா வேணும்னே காதுல வாங்காம இருக்காருன்னு இத்தனை நாளா சண்டை போட்டுட்டேன். நேத்து பாப்பா அவர் காதுல ஏதோ ரகசியம் சொன்னா. 'ம்ம், சரிடா'ன்னாரு. என்னப்பா சொன்னேன், திருப்பிச் சொல்லுன்னு அவ கேட்டா, முழிக்கிறாரு. அவ இப்ப அவர்கிட்ட ரகசியமே சொல்றதில்லை."

அவள் பேசியதில் பாதி என் காதிலும் விழவில்லை. உதடுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அவனைத் தங்களிடம் அழைத்துவந்தோம். இடக்காது போய்விட்டது, வலக்காதில் கொஞ்சம் மீதி இருக்கிறது என்றீர்கள். குடும்பத்தில் யாருக்கேனும் காது கேளாமை உண்டா என்று வினவினீர்கள். இல்லை என்று நான் சொன்னேன். தம்பி என்னைப் பார்த்தான். என் காது போனது அவனுக்குத் தெரியும். எனக்கு முன்பே தெரிந்தவன் அவன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் தங்கள் பக்கம் திரும்பி, "அண்ணனுக்குப் பாம்புக் காது டாக்டர், அவர் காதை நம்பித்தான் நான் வாசிக்கிறேன்" என்றான். அந்த நாற்காலியில் அமர்ந்திருந்த எனக்கு என் உடம்பை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அறியாமல் செய்தேன் என்று தாங்கள் எண்ணக்கூடும். செவியின் உள்ளே நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன, பேரொலியில் அவை ஒடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைந்து பாடம் நடத்தியவன் நான். தம்பியும் என் வகுப்பில் படித்தவன்தான். எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம் என்ற கணக்கு எனக்கு மனப்பாடம். அந்தக் கணக்கைப் பார்த்தே அமைத்தேன். அவனுக்குக் கேட்பது எனக்குக் கேட்காமல் இருந்தது. எனக்குக் கேட்காதது அவனுக்கும் கேட்கவேண்டாம் என்று நினைத்தேன். இதைத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மேடை இருக்கிறது. இன்-இயரை அணியக்கூடாது என்று தாங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நான் இன்னும் அதன் அளவைக் குறைக்கவில்லை. குறைத்தால் ஏன் என்று கேட்பான்.

அவனிடம் மறைப்பதாக எண்ணவேண்டாம். நேற்று மாலை அந்த அறைக்குச் சென்றேன். ஆம்ப் அணைந்திருந்தது. அவன் வழக்கம்போல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து அமர்ந்து, மடியிலிருந்த கிட்டாரின் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். லிமிட்டரை, சக்கரத்தை, சுண்ணத்தூளை, ஒன்றையும் விடவில்லை. தங்களிடம் இப்போது பேசுவதுபோல் உரக்கப் பேசவில்லை. இப்படிப்பட்டவற்றை உரக்கப் பேசுவது முறையன்று. அழுதேன். அவன் கடைசிக் கம்பியையும் துடைத்து முடித்து, துணியை மடித்து வைத்து, எழுந்து திரும்பியவன் என்னைக் கண்டு திடுக்கிட்டான்.

"அட, எப்ப வந்தீங்க அண்ணா? ஏதாவது சொன்னீங்களா?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

ஆக, அவனிடம் நான் சொல்லிவிட்டேன், டாக்டர். தாங்கள் இன்னொரு முறை சொல்லி அவன் மனத்தைப் புண்படுத்த வேண்டாம்.