அக்கரைக்கும் கேட்ட நிகழ்ச்சி

மின்விசிறி ஓடாவிட்டால் பரவாயில்லை, ஐயா. எங்கள் சமுதாய வானொலியில் பேசும்போது விசிறியை அணைத்துவிடுவோம். மைக்கில் இரைச்சல் ஏறும். வியர்வை எனக்குப் பழகிப்போனது.

எங்களுடையது சின்ன நிலையம். சுற்றுவட்டத் தெருக்களுக்குக் கேட்டால் போதும் என்றுதான் அனுமதி. குழாயில் தண்ணீர் வரும் நேரம், காணாமல்போன ஆடு, தையல் வகுப்பு, எல்லாம் சொல்வோம். ஆற்றுக்கு அக்கரையிலும் இதேபோல ஒன்று, அதே அலைவரிசையில். இரண்டும் அடக்கி வாசித்தால் ஒன்றையொன்று தொடாது.

என் மகள் அக்கரையில், ஆற்றோரத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். என் பேச்சை மீறிக் கட்டிக்கொண்டாள். என் முகத்தில் விழிக்காதே என்றேன், அவளும் விழிக்கவில்லை. பிறகு நானே இறங்கிவந்து போன் செய்தும் எடுக்கவில்லை. ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்தால் அவளுக்கு ரேடியோ பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் கூட்டினேன். அவளுக்குப் பிடித்த பாட்டுகளாகப் போட்டேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அக்கரை நிலையத்துக்காரர் தங்கமான மனிதர். "என்னண்ணே, எங்க சமையல் குறிப்புக்கு நடுவுல உங்க பாட்டு வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்குது. கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்பார். நானும் சிரித்துக்கொண்டே குறைப்பேன். அவர் போனை வைத்ததும் கூட்டிவிடுவேன்.

அன்று காலை அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, அணையைத் திறந்துட்டாங்க. ஆத்தோரத் தெரு ஜனத்தைக் கிளம்பச் சொல்லணும். எங்க குரல் வெளியவே போகல. உடனே நிறுத்துங்க."

"சரி தம்பி" என்றேன்.

அன்று அவளுக்குப் பிறந்தநாள். முதல்முறையாக அவளைச் செல்லப் பெயர் சொல்லி அழைத்து, தப்பு அப்பா மேல்தான் என்று மைக்கில் சொல்லத் தொடங்கியிருந்தேன். பாதியில் விட்டால் மறுபடி எனக்கு வாய் வராது. தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடாது என்று கணக்குப் போட்டேன். போன் மறுபடி மறுபடி அடித்தது. அதை அணைத்துவிட்டு மிச்சத்தையும் பேசினேன். ஒரு பாட்டும் போட்டேன்.

அந்த எச்சரிக்கையை நானே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ரேடியோவை விட்டு எழுந்து போயிருப்பாள்.

அந்தத் தெருவில் பாதிப் பேர் மிஞ்சவில்லை. பிழைத்துவந்த பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொல்லி அழுதாள்: "தண்ணி வருது, வாடின்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். 'இரு அக்கா, அப்பா பேசுறாரு, முடியட்டும்'னு உள்ளயே நின்னுட்டா."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்பா என்றுதான் சொல்லியிருக்கிறாள், ஐயா. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.