இடது முன் சக்கரத்துக்கு மூன்று கோட்டிங்

இன்ஸ்பெக்டர் ஐயா, ஓடுகிற காரை வெறும் பெயிண்டாலேயே நிறுத்தியவன் நான். குறுக்கே போய் விழவில்லை, கைகூடக் காட்டவில்லை. கார் கூட்டேரிப்பட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் திண்டிவனத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதானால் எழுதிக்கொண்டே சிரியுங்கள்.

பெயர் மரியஅந்தோணி. 1993 முதல் பதினெட்டு வருஷம் விழுப்புரத்தில் பஸ்களுக்குப் பெயிண்ட் அடித்து ரிட்டையர் ஆனவன். நான் அடித்த பச்சையைத் தழை என்று நினைத்து மாடுகள் பஸ்ஸுக்குப் பின்னால் வல்லம் வரைக்கும் ஓடியிருக்கின்றன. அப்புறம் திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் சீனுவாசனின் பிரேக் ஷெட்டில் ஓர் ஓரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அங்கே எனக்கு வாய்த்தது கேலிப்பர் வேலை. சக்கரத்துக்குள் சுழலும் தட்டை இடுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்துகிற இரும்புப் பிடிதான் கேலிப்பர். இப்போது அலாய் வீல் இடுக்கு வழியாக அது வெளியே தெரிகிறது. அதனால் சிவப்படிக்கிறார்கள். கல் பட்டு, சூட்டில் வெந்து, அது செதில் செதிலாக உரியும். நான் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரால் துடைத்து, டேப் ஒட்டி, சூடு தாங்கும் பெயிண்டில் மூன்று கோட்டிங் கொடுப்பேன். மேல்மலையனூரில் ஓர் அமாவாசையன்று நான் அடித்த சக்கரத்துக்கு முன்னால் ஓர் அம்மாள் கற்பூரமே ஏற்றிவிட்டாள். டிரைவர் வந்து அணைத்தான்.

சீனுவாசன் மட்டும் நம்ப மாட்டான்.

"அந்தோணியண்ணே, நீ பூசறது பொட்டு. பொட்டு வெச்சா வண்டி நிக்குமா? நிக்கிறது என் கையில."

"பெயிண்டுக்கும் சக்தி இருக்குதுடா."

"இருக்கும், இருக்கும். இன்னொரு கோட்டிங் அடி, பறக்கும்."

டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபமே வராது ஐயா, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

போன மாசம் ஷெட்டுக்குப் புது போர்டு வைத்தான். 'சீனுவாசன் பிரேக் ஒர்க்ஸ்' என்று பெரிதாக. அடியில் பொடி எழுத்தில் 'பெயிண்டும் அடித்துத் தரப்படும்' என்று. அடிப்பவன் பெயர் இல்லை. அந்தப் போர்டை எழுதியதும் நான்தான். எழுத்து முத்து முத்தாக வந்தது.

மறுவாரம் அவனே தன் காரைக் கொண்டுவந்து விட்டான். "ஞாயித்துக்கெழமை பொண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பாக்க விழுப்புரம் போறோம்ணே. கேலிப்பர்லாம் உரிஞ்சிக்கினு கேவலமா கீது. ஜல்தியா முடிச்சுக் குடு."

மூன்று சக்கரத்தை எப்போதும் போலச் செய்தேன். நாலாவது, இடது முன் சக்கரம். கேலிப்பர் நகர்ந்து கொடுப்பதற்கு உள்ளே இரண்டு இரும்புப் பின்கள் உண்டு; ரப்பர் உறைக்குள் கிரீஸில் வழுக்கிக்கொண்டிருக்கும். உறையை நீக்கி, கிரீஸை ஒரு பொட்டு இல்லாமல் துடைத்து, பின்கள்மேல் மூன்று கோட்டிங் கெட்டியாகக் கொடுத்து மூடினேன். ஒருமுறை அழுத்தினால் பிடித்த பிடியை விடாது. அவனிடம் சாவியைக் கொடுத்தபோது, "சாமி மாதிரி கீதுண்ணே" என்றான். அவன் சம்சாரம் கிருஷ்ணவேணி அவனோடு வருவாள் என்று எனக்குத் தெரியும். இடது பக்கம்தான் உட்காருவாள். எதிரே வண்டிகள் வருகிற பக்கம் இல்லை என்பதால் அதுதான் பத்திரம் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவு யோசித்திருக்கிறேன்.

பிடி விடாமல் தேய்ந்து, சக்கரம் பழுத்து, பிரேக் ஆயில் கொதித்து, கடைசியில் மிதித்தால் பெடல் தரைவரை போயிற்றாம். பிரேக் பிடிக்காமல்தான் கார், நின்றிருந்த லாரியில் மோதியது என்கிறீர்கள். அது விளக்கம் ஐயா. நான் சொல்வது பலன். அதற்கு மேல் கார் ஓர் அடி நகர்ந்ததா?

கிருஷ்ணவேணிக்குத் தோள்பட்டையில் அடி. சீனுவாசனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுத்தார்கள். அதுவும் பிரேக் மிதிக்கிற கால் இல்லை, கிளட்ச் கால்.

நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மெக்கானிக்கே தன் வண்டிப் பிரேக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நீங்கள் எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். முப்பது வருஷத் தொழில்காரன், அவன் பெயர் கெடலாமா? நண்பன் என்று எதற்கு இருக்கிறேன்? அதனால் கொலை முயற்சி என்று எழுதாதீர்கள். செய்முறை விளக்கம் என்று எழுதுங்கள்.

இங்கே வருமுன் காலையில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். பின்கள், கிரீஸ், மூன்று கோட்டிங், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவனிடம் சொன்னேன். கிருஷ்ணவேணி கையிலிருந்த கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாய்யா மனுசன் நீ?" என்றாள். வேலை விஷயம் எங்கள் இரண்டு பேருக்குள் இருப்பது; நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"சீனு, வாயத் தொறந்து சொல்லு. பெயிண்டால வண்டி நின்னுச்சா, நிக்கலியா?"

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"நின்னுச்சுண்ணே" என்றான்.